இழை: 50 வயதில் மணிக்கட்டு முறிவு. கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

தேரூர்க்குளம் (நெறியாளர்)

மழை தொடங்கியதிலிருந்து ஒரே கேள்விதான், ஆள்தான் வேறு வேறு. முற்றத்திலோ குளத்துப் படியிலோ வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிவு. வயது 50க்கும் 58க்கும் நடுவில். மாதவிலக்கு நின்று சில வருடம். மாவுக்கட்டு எடுத்தாச்சு, சீட்டில் கால்சியம் மாத்திரை மட்டும் இருக்கு. இதுக்கு மேல எதாவது செய்யணுமா?

நாலு இழையில் நாலு பதில் ஓடுவதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்தாச்சு. தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள். "எங்க வீட்ல ஒருத்தங்களுக்கு" வேண்டாம்.

---

வள்ளியாறு_பிசியோ

போதாது.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், தப்பு தரையில் மட்டும் இல்லை, எலும்பிலும் இருக்கலாம். 30 வயது எலும்பு அதே விழுகையில் பெரும்பாலும் வீக்கத்தோடு தப்பிவிடும். 50களில் மணிக்கட்டு முதலில் போவதற்குக் காரணம், விழும்போது கையை முன்னால் நீட்டும் வேகம் அந்த வயதில் இன்னும் இருக்கிறது. 70 தாண்டினால் அந்த வேகம் குறைந்துவிடும். கை வந்து சேருமுன் இடுப்பு தரையில் அடித்திருக்கும். மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் நடுவில் கிடைக்கிற 15, 20 வருடத்தில்தான் நாம் எதையாவது செய்ய முடியும்.

ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு ஒரு மூக்கணாங்கயிறு உண்டு. மாதவிலக்கு நின்ற முதல் 5–7 வருடத்தில் அது அறுந்து, சிலருக்கு எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடும். மேல்நாட்டில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 51. நம் ஊர்ப் பெண்களுக்கு 46, 47லேயே நின்றுவிடுகிறது. நமக்கு இந்த ஓட்டம் முன்கூட்டியே தொடங்குகிறது.

முதல் வேலை டெக்சா ஸ்கேன், அதாவது எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே. இடுப்பு, முதுகுத்தண்டு இரண்டும் எடுக்க வேண்டும். இளவயது எலும்போடு ஒப்பிட்டு அதில் ஒரு எண் வரும், அதுதான் டி ஸ்கோர். மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் எலும்புத் தேய்வு தொடங்கிவிட்டது என்று பொருள். மைனஸ் 2.5, அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புப்புரை நோய்). மணிக்கட்டு முறிந்த ஆளுக்கு நடுவில் உள்ள ஸ்கோர் வந்தாலும் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பக்கூடாது. முறிவையும் கணக்கில் சேர்த்துத்தான் மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

---

தேரூர்க்குளம் (நெறியாளர்)

மருந்துக் கடை வாசலில் "இலவச எலும்பு அடர்த்தி முகாம்" போடுகிறார்களே, குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்து 2 நிமிடத்தில் சீட்டு தருகிறார்கள். அதுதானா இது?

---

வள்ளியாறு_பிசியோ

அது குதிகால் அல்ட்ராசவுண்ட். அதிலும் டி ஸ்கோர் என்றே அச்சாகி வரும், குழப்பமே அங்கேதான். அந்த எண்ணை வைத்து நோய் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் உதவாது. முகாமில் குறைவாக வந்தால் டெக்சாவுக்குப் போங்கள். முறிவு ஏற்கெனவே நடந்திருந்தால் முகாமில் "நார்மல்" என்று வந்தாலும் டெக்சாவுக்குப் போங்கள்.

65 வயதானால் எல்லாப் பெண்களும் எடுப்பது நல்லது. அதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டியவர்கள்: 45க்குள் மாதவிலக்கு நின்றவர்கள், ஆபரேஷனில் இரண்டு சினைப்பையும் எடுக்கப்பட்டவர்கள், 3 மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், தாய் தகப்பனுக்கு இடுப்பு முறிவு வந்தவர்கள், உடம்பு மிக மெலிந்தவர்கள்.

ஸ்கேன் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும் ஒரு அடையாளம்: கணுக்காலோடு நின்ற நைட்டியின் விளிம்பு இப்போது தரையில் இழுபடுகிறதா? இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கியிருக்க வாய்ப்புண்டு. விழாமலே நசுங்கும். "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று தைலம் போட்டு விட்டிருப்பார்கள்.

---

மருந்துச்சீட்டு_மார்த்தாண்டம்

மாத்திரை வாங்குவதை விட, அதை விழுங்கும் நேரத்தில்தான் தப்பு அதிகம் நடக்கிறது.

கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பிட்ட உடனே எடுக்க வேண்டும், வயிற்று அமிலம் இல்லாமல் கரையாது. கால்சியம் சிட்ரேட் என்றால் எப்போதும் எடுக்கலாம்; அசிடிட்டி மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். அட்டையில் 1250 மி.கி. என்று இருப்பது உப்பின் எடை, அதில் கால்சியம் 500 மி.கி. ஒரே நேரத்தில் 500க்கு மேல் எடுத்தால் உடம்பு ஏற்காது. "ராத்திரி ரெண்டும் சேர்த்துப் போட்டாச்சு" என்பது வீண்.

இங்கே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைய. தைராக்சின் காலை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். சாயா அதற்குப் பிறகு அரை மணி நேரமாவது கழித்து. கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. கால்சியமும் இரும்பும் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. ஆக ஒரு நாள் இப்படிப் போகும்: 6 மணிக்கு தைராய்டு, 6:45க்கு சாயா, மதியச் சோறு முடிந்ததும் கால்சியம், சாயங்காலம் சாயாவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி இரும்பு, டாக்டர் இரண்டாவது கால்சியம் எழுதியிருந்தால் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அடுத்து வைட்டமின் டி. 60,000 யூனிட் பொட்டலம் வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம், பிறகு டாக்டர் சொன்னபடி மாதம் ஒன்று. இதைத் தினமும் ஒன்று என்று சாப்பிட்டுவிட்டு வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பப் பேச்சு என்று வருகிறவர்கள் உண்டு. இரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிட்னி வரை அடிக்கும். கடைக்காரர் பொட்டலத்தின் மேலே "ஞாயிறு மட்டும்" என்று எழுதித் தரட்டும், கேட்டு வாங்குங்கள். பாலிலோ, எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகோ எடுத்தால் நன்றாகச் சேரும்.

டெக்சா பார்த்து அலென்ட்ரோனேட் (எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து) 70 மி.கி. எழுதினால் அதுவும் வாரம் ஒன்றுதான். எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் நிறைய வெறும் தண்ணீர், கடிக்காமல் சப்பாமல் விழுங்கி, 30 நிமிடம் படுக்கவே கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். "அரை முழுங்கு வெள்ளத்துல போட்டுட்டு கொஞ்சம் கண்ணயர்ந்தேன்" என்பதுதான் நெஞ்செரிச்சலோடு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது. அன்று தைராய்டு மாத்திரையும் உண்டென்றால் முதலில் இது, அரை மணி கழித்து அது, இன்னும் அரை மணி கழித்து சாயா. பல் பிடுங்கும் வேலை ஏதும் பாக்கி இருந்தால் மருந்து தொடங்குமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

---

கல்மண்டபம்

எல்லாம் சரி. ஆனா எலும்புக்கு எக்சசைஸ் செய்யணும்னு எல்லாரும் சொல்லுகாவளே, அது எனக்குப் பிடிபடல. அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலையில) எட்டு மணிக்கூறு குத்தவச்சி வேல செய்யப்பட்ட பெம்பிளையளுக்கும், விடியக்கால ரப்பர் பால் வெட்டப் போறவளுக்கும், மீன் சுமடு எடுக்கவளுக்கும் இனி என்னத்துக்கு மக்கா எக்சசைஸ்? ஓடியாடி நடந்தாப் போராதா?

---

வள்ளியாறு_பிசியோ

நல்ல கேள்வி, ஆனால் மூன்றையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டீர்கள்.

எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்குத் தகுந்தபடிதான் கெட்டிப்படும், அதுவும் பாரம் விழுந்த இடத்தில் மட்டும். மேடும் பள்ளமுமான தோட்டத்தில் ஏறி இறங்கிப் பால் வெட்டுகிறவருக்குக் காலுக்கு நல்ல வேலை கிடைக்கிறது. அண்டியாபீஸில் உட்கார்ந்து உடைக்கிறவருக்கு விரலும் தோளும் தேய்கிறது, இடுப்பெலும்புக்குப் பாரமே இல்லை. உடம்பு அலுத்துப்போகிறது, எலும்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சுமடு எடுப்பவருக்கு முதுகில் பாரம் விழுகிறது, ஆனால் ஏற்கெனவே தேய்ந்த முதுகெலும்பாக இருந்தால் அதுவே ஆபத்து.

நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அருமை. கட்டாயம் நடக்கட்டும். தசையை ஏற்றுவதற்கு அது பற்றாது.

தொடங்குமுன் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 60–64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே, 65–69க்கு 11க்குக் கீழே, 70–79க்கு 10க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து கூடுதல். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் எண்ணிக்கை பூஜ்யம்.

பயிற்சியும் அதேதான். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், அதனால் நாற்காலியின் முதுகைச் சுவரில் முட்டவைத்து, செருப்பில்லாமல்:

பாதம் இடுப்பு அகலம், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். உடம்பை முன்னால் சாய்த்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வந்த பிறகுதான் எழ வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். உட்காரும்போது மனதுக்குள் 1, 2, 3 எண்ணி மெதுவாக இறங்குங்கள். தசைக்கு வேலை அதிகம் கிடைப்பதே இந்த இறக்கத்தில்தான், எல்லோரும் ஏமாற்றுவதும் இங்கேதான். "தொப்"பென்று உட்கார்ந்தால் முதுகெலும்பில் அடி விழும். 8 முதல் 10 முறை, 2 நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாள் விட்டு.

முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்; வலி குறையக் குறைய தலையணையை எடுத்துவிடலாம். முழங்கால் உள்ளே மடிந்தால் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தேங்காயை வைத்துக்கொள்ளலாம், அதை முட்டாமல் எழ வேண்டும். 12 முறை லேசாக வந்துவிட்டால் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள், பாரத்தை ஏற்றுங்கள். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. துணிப்பையில் இரண்டு வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள். 50 முறை எழுந்து உட்கார்வதைவிடப் பாரத்தோடு 10 முறை மேல்.

அடுப்படித் திண்டைப் பிடித்துக் குதிகால் தூக்குவது 12 முறை, சுவரில் கை ஊன்றி முன்னால் சாய்ந்து தள்ளுவது 10 முறை (மணிக்கட்டு வலி முழுதாகப் போன பிறகு), ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது. கடைசியில் சொன்னதைத் திண்டைத் தொடும் தூரத்தில் நின்று செய்யுங்கள்.

செய்யக்கூடாதது: மைனஸ் 2.5க்குக் கீழே உள்ளவர்கள் குனிந்து கால்விரலைத் தொடுவது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி, யோகா வகுப்பில் பச்சிமோத்தாசனம், ஹலாசனம். முதுகு முன்னால் வளையும்போதுதான் தேய்ந்த எலும்பு நசுங்கும்.

---

சாளைப்புளிமுளம்

உணவுப் பக்கம் நான் எழுதுகிறேன். "நாங்க டெய்லி மீன் சாப்பிடுகோம், கால்சியத்துக்கு என்ன குறை?" என்று கேட்பவர்களுக்கு: மீனில் கால்சியம் முள்ளில்தான் இருக்கிறது, அதைத்தான் பூனைக்குப் போடுகிறோம். சதையில் கொஞ்சம்தான். நெத்தோலியை முள்ளோடு தின்றால் கிடைக்கும். சாளையை (மத்தி மீன்) மண்சட்டியில் குடம்புளி போட்டு நேரமெடுத்து வற்றவைத்தால் நடுமுள்ளே மெத்தென்று ஆகும், அதைச் சேர்த்துச் சாப்பிடலாம். நெத்தோலிக் கருவாட்டிலும் உண்டு, ஆனால் உப்பு! ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், பிரஷர் உள்ளவர்கள் கருவாடு, பப்படம், ஊறுகாய் மூன்றையும் ஒரே இலையில் வைக்கவே வேண்டாம்.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மி.கி. கால்சியம் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை. 200 மி.லி. பசும்பாலில் 240 அளவு. 50 கிராம் கேழ்வரகு மாவில் 180. ஒரு பிடி முருங்கை இலைத் துவரன், 50 கிராம் இலை என்று வைத்தால், 150. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 100 சொச்சம். தயிர் பால் மாதிரியே. பாலக்கீரையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதன் கால்சியத்தில் பெரும்பங்கை ஆக்சலேட் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டிலேயே 700 வந்துவிட்டால் மாத்திரை ஒன்று போதும். இரண்டு எதற்கு?

கால்சியத்தைவிட நம் சமையலில் பெரிய ஓட்டை புரதம். காலை புட்டும் பழமும், மதியம் சோறும் மீன்குழம்பும், நாலு மணிக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாயாவும், இரவு கஞ்சி. மரச்சீனியில் 100 கிராமுக்குப் புரதம் ஒரு கிராம் அளவுதான். மாவை மாவால் தின்று வயிறு நிறைகிறது. 50க்கு மேல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ என்றால் 60–72 கிராம்.

எதையும் விட வேண்டாம், ஒட்டுச் சேர்த்தால் போதும். புட்டுக்குப் பழத்தைப் பாதியாக்கி ஒரு கப் கடலைக்கறி: 12–14 கிராம். ஒரு முட்டை: 6. மதியம் சாளை 4 (குழம்பில் வால் துண்டு ஒன்று இல்லை, நாலு!): 20 அளவு. மரச்சீனியோடு வெறும் சம்மந்தி (துவையல்) மட்டும் வேண்டாம், மீனும் வையுங்கள். கஞ்சிக்குச் சிறுபயறு 40 கிராம்: 9. பால் ஒரு டம்ளர்: 6. சோற்றிலும் கொஞ்சம் வரும். 60 தாண்டியாச்சு. இரத்தத்தில் கிரியாட்டினின் கூடியவர்கள் (கிட்னி பலவீனத்தின் அடையாளம்) மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது.

மரச்சீனி அவித்த வெள்ளத்தை ஊற்றிக் கொட்டும் நம் பழக்கம் சரியானதே. சயனைடு அதோடு போகும். குக்கரில் வெள்ளத்தோடு சுண்டவைக்காதீர்கள்.

---

கோட்டாறு_வைத்தியம்

வர்மத்துக்கும் எலும்புக் கட்டுக்கும் பெயர் போன மாவட்டம் நம் கன்னியாகுமரி. அதனாலேயே இதைச் சொல்லியாக வேண்டும். முறிவு என்று சந்தேகம் வந்தால் முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் எந்தக் கட்டும். மணிக்கட்டு முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறதா, எலும்பு விலகியிருக்கிறதா என்று விரலால் தடவிச் சொல்ல முடியாது. தைலம், குழம்பு (கெட்டியான மருந்தெண்ணெய்) தேய்ப்பதெல்லாம் மாவுக்கட்டு எடுத்த பிறகு வரும் இறுக்கத்துக்கு. அழுத்தித் திருப்பாமல், வெதுவெதுப்பாக.

அரிஷ்டம் "சத்துக்கு" என்று வாங்கிக் குடிப்பவர்கள் கவனிக்க: அதில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு, வெல்லமும் உண்டு. லேகியத்திலும் சர்க்கரை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்கவும்.

இன்னொன்று, பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில் வரும் மூட்டுவலி மாத்திரை. ரெண்டே நாளில் வலி மாயமாகி, பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம். எலும்பை அரிப்பதில் அதுக்கு ஈடில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

---

வார்டு7

இடுப்பு முறிவு பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் நான்.

விழுந்தவரால் எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அது இடுப்பு முறிவு. காலை இழுத்து நேராக்காதீர்கள். எண்ணெய் போடாதீர்கள். காலைக் கிடந்தபடியே தலையணையால் அண்டக் கொடுத்து 108ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் வேண்டியிருக்கலாம், அதனால் சாயா, சோறு எதுவும் கொடுக்க வேண்டாம். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், முக்கியமாக இரத்தத்தை இளக்கும் மாத்திரையை, காப்பீட்டு அட்டையோடு ஒரே பையில் போட்டு எடுத்துவாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேறெங்கோ, எலும்பு ஆபரேஷன் வசதி உள்ள இடத்துக்கு நேரே போய்ச் சேரட்டும்.

48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மறுநாளே எழுப்பி நிறுத்துவது. இதுதான் இலக்கு. "வயசான காலத்துல கத்தி எதுக்கு, கட்டுப் போட்டுக் கிடக்கட்டும்" என்று வீட்டில் முடிவெடுத்தால் முறிவு ஆளைக் கொல்வதில்லை, படுக்கைதான் கொல்லும்: படுக்கைப் புண், நுரையீரல் சளி, காலில் இரத்தக்கட்டு.

---

கல்மண்டபம்

நாற்காலி காரியம் சரி, ஒத்துக்கிட்டேன். ஹார்மோன் மாத்திரை எடுத்தா எலும்பு தேயாதுன்னு சொல்லுகாவளே? கேன்சர் வரும்னும் சொல்லுகாவ.

---

வார்டு7

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை. ஹார்மோன் சிகிச்சை எலும்பைக் காக்கும், முறிவைக் குறைக்கும். 2002இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகுதான் பயம் பரவியது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்கு மார்பகப் புற்று கூடுதலாக வந்தது. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள், உடம்பு கொதிப்பும் இராத்தூக்கமின்மையும் படுத்துகிறவருக்கு இலாபக் கணக்கே வேறு. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் கட்டாயம், தனி ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பை உட்சுவரைத் தடிக்கவைக்கும். மார்பகப் புற்று வந்தவர், காலில் இரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர், ஈரல் நோய் உள்ளவர் எடுக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் மருந்தும் இல்லை.

கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். சினைப்பையை விட்டார்களா எடுத்தார்களா என்று பலருக்குத் தெரிவதே இல்லை. 45க்குள் இரண்டையும் எடுத்திருந்தால் எலும்புக்கும் இதயத்துக்கும் அந்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்கிவிட்டது.

இழைக்குச் சற்று வெளியே, ஆனாலும்: மாதவிலக்கு நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அந்த வாரமே ஸ்கேன். உட்சுவர் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். "சூடு" என்று வெந்தயம் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

---

தேரூர்க்குளம் (நெறியாளர்)

விழாமல் இருக்க வீட்டில் என்ன செய்யலாம், அதையும் யாராவது போட்டுவிடுங்கள். இங்கே இரண்டு பருவமழை, முற்றம் வருடத்தில் பாதி நாள் பாசிதான்.

---

வள்ளியாறு_பிசியோ

பாசிக்கு: வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கால் மணி ஊறவிட்டு, தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் அரக்கித் தேய்த்துக் கழுவுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. மூக்கில் துணி, கையில் உறை. ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். இதை வயதானவரிடம் கொடுக்காமல் வீட்டில் இளையவர் செய்யட்டும், தேய்க்கும்போதுதான் அதிகம் வழுக்கும்.

கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு இரவு விளக்கு. கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்தவர் கை எட்டும் உயரத்தில், செங்கலில் போல்ட் போட்டு. துணி காயப்போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. நைட்டியை கணுக்காலுக்கு 5 செ.மீ. மேலே மடித்துத் தையுங்கள். ரப்பர் செருப்பைத் திருப்பிப் பாருங்கள், குதிகால் பக்கம் வரி அழிந்திருந்தால் மாற்றுங்கள். தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ புதிதாகத் தொடங்கிய வாரத்தில் கட்டிலிலிருந்து எழுமுன் ஒரு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்காரட்டும்.

---

கல்மண்டபம்

அந்த நாற்காலி எவ்வளவு உயரம் வேணும்? எங்க வீட்டுத் திண்ணை தாழ்ச்சி.

---

வள்ளியாறு_பிசியோ

43 முதல் 45 செ.மீ. தாழ்ந்த திண்ணையில் தொடங்கினால் முழங்கால் மூன்றாம் நாளே நிறுத்திவிடும். மரமுக்காலி இருந்தால் அளந்து பாருங்கள், ஆட்டம் இல்லாமல் இருக்கணும்.